ஒன்ராறியோ அரசின் கஞ்சாக் கடை: பொதியைப் பிரித்துப் பார்த்தால்

2018 ஒக்டோபர் 17 அன்று கனடாவில் பொழுதுபோக்குக்குக் கஞ்சா வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டபூர்வமானது. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். நியூபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில் நள்ளிரவு 12 மணிக்கே கடை வாசலில் வரிசை நின்றது. ஒன்ராறியோவிலோ சில நாட்களிலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. இது சரியா பிழையா என்ற வாதம் அடங்கி, ஓடர் எப்போது வரும், கஞ்சாப் பூ ஏன் இப்படிக் காய்ந்து கிடக்கிறது, 1 கிராமுக்கு எதற்கு இவ்வளவு பெரிய டப்பா என்ற கேள்விகள் எழுந்தன. கஞ்சா ஒரு சரக்காகிவிட்டது. ஆகவே சரக்காகவே மதிப்பிடுவோம்.

முதலில் இணையக் கடை. ஒன்ராறியோ கனபிஸ் ஸ்டோர் மாகாண அரசின் நிறுவனம். மாகாணத்தின் ஒரே மொத்த விற்பனையாளரும் அதுதான். அரசே கடைகளை நடத்தும் என்பது முந்தைய லிபரல் அரசின் திட்டம். 2018 கோடையில் ஆட்சிக்கு வந்த டக் ஃபோர்ட் அரசு அதைத் தனியாருக்கு மாற்றியது. அதனால் முதல் நாளில் மாகாணம் முழுவதிலும் சட்டபூர்வமான கடை ஒன்றுகூட இல்லை, இணையம் மட்டுமே. முதல் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 1,00,000 ஓடர்கள் குவிந்தன. அடுத்த திங்கட்கிழமையே கனடா தபால் ஊழியரின் சுழற்சி வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாட்களில் வரவேண்டிய பொதிக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். மாகாணக் குறைகேள் அதிகாரிக்கு 1,000-க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் போயின. போதாக்குறைக்கு, கனடா தபாலின் கண்காணிப்புக் கருவி வழியாக 4,500 வாடிக்கையாளரின் டெலிவரி விவரங்கள் வெளியே கசிந்தன. வாங்குவதை வீட்டாருக்கே சொல்லாதவர்கள் நிறைந்த சந்தையில் இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. பிற்பாடு அந்தச் சேவை சீராகிவிட்டது. பொதி வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் வரும்; 19 வயது நிரம்பியவர் அடையாள அட்டையைக் காட்டித்தான் வாங்க வேண்டும், வாசலில் வைத்துவிட்டுப் போகமாட்டார்கள்.

லேபிளுக்கு முழுப் புள்ளியும் கொடுக்கலாம். ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். உலர்ந்த பூவின் பல பொதிகளில், போதை தரும் கூறான 'டி.எச்.சி' என்று ஓர் எண், 'மொத்த டி.எச்.சி' என்று இன்னோர் எண் இருக்கும். முதலாவது, இப்போது உள்ள நிலையில் உள்ள அளவு. பெரும்பாலும் மிகச் சிறியது. இரண்டாவது, சூடாக்கியபின் கிடைக்கும் அளவு. பார்க்க வேண்டியது இரண்டாவதை. கிராமுக்கு 200 மில்லிகிராம் என்றால் 20 விழுக்காடு. புதியவர்களுக்கு 100 மில்லிகிராமுக்குள், அதாவது 10 விழுக்காட்டுக்குள் இருப்பதே போதும். எண் பெரிதானால் தரமும் பெரிது என்று நினைப்பது தவறு: வாசனை, பக்குவம், ஈரப்பதம் எதையும் அந்த எண் சொல்லாது. 30 விழுக்காட்டைத் தாண்டி எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

அதே பொதியில் பொதியிட்ட தேதியும் இருக்கும். ஆரம்ப ஆண்டுகளில் வந்த பெரும்பாலான குறைகளுக்கு விடை அந்தத் தேதியில்தான் இருந்தது. தோட்டத்திலிருந்து அரசுக் கிடங்கு, அங்கிருந்து கடை என்று மாதக்கணக்கில் கிடந்த பூ விரலில் நசுக்கினாலே தூளாகும். புகை தொண்டையை அறுக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சரக்கைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் இறுக மூடும் கண்ணாடிப் போத்தலில் போட்டு, 62 விழுக்காட்டு ஈரப்பதப் பை ஒன்றை உள்ளே வைத்து இரண்டு நாள் விடுங்கள். நெகிழ்வு திரும்பும், போன வாசனை திரும்பாது. தோடம்பழத் தோல் போடும் பழைய வைத்தியம் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்டு சந்தையிலிருந்து திரும்பப் பெற்ற சரக்கும் உண்டு.

விலைதான் மக்கள் போட்ட உண்மையான வாக்கு. 2019-இன் இரண்டாம் காலாண்டில் கனடாப் புள்ளிவிவரத் திணைக்களம் கணக்கிட்ட சராசரி: சட்டபூர்வக் கிராம் 10.65 டொலர், கள்ளச் சந்தையில் 5.93 டொலர். ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த இடைவெளியில் யார் அரசுக் கடைக்கு வருவார்? பிறகு விளைச்சல் மிஞ்சியது, 28 கிராம் பெரும் பொதிகள் வந்தன, கிராம் 5 டொலருக்குக் கீழேயும் இறங்கியது. அதற்கும் கீழே இறங்காமல் தடுப்பது வரி. உலர்ந்த பூவுக்கு கிராமுக்கு 1 டொலர் அல்லது 10 விழுக்காடு, இரண்டில் எது கூடுதலோ அது. விலை விழ விழ அந்த 1 டொலரின் பங்கு ஏறிக்கொண்டே போகும்.

உண்ணும் வகைகள் 2019 ஒக்டோபரில் சட்டத்துக்குள் வந்து, ஒன்ராறியோக் கடைகளுக்கு 2020 ஜனவரியில் எட்டின. ஒரு பொதியில் 10 மில்லிகிராம் டி.எச்.சி-க்கு மேல் இருக்கக்கூடாது. பழகியவர்கள் இதைக் கேலி செய்வார்கள். நமக்கு இதுவே சட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான விதியாகப் படுகிறது. புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். தின்றால் வயிறு, ஈரல் வழியாகப் போய் ஏற 30 நிமிடத்திலிருந்து 2 மணி நேரம் ஆகும்; 12 மணி நேரம் வரை நிற்கும். முக்கால் மணி நேரத்தில் "ஒன்றும் செய்யவில்லையே" என்று இரண்டாவது துண்டைத் தின்பதுதான் எல்லோரும் விடும் பிழை. 2.5 மில்லிகிராமோடு தொடங்குங்கள். அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். பொதியில் 500 மில்லிகிராம் என்று எழுதிய ஜெலி மிட்டாய் யார் கையிலாவது கண்டால் அது கள்ளச் சரக்கு, யோசிக்கவே வேண்டாம். அசல் பொதியில் பளிச்சென்ற நிறமோ படமோ இராது, சிவப்பு டி.எச்.சி முத்திரை, மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி, மாகாணத்துக்கு ஒரு நிறமாக ஒட்டிய வரி முத்திரை இருக்கும். குழந்தைகள் கையில் எளிதில் திறக்காது. குழந்தைகள் மிட்டாயென்று தின்று அவசரப் பிரிவுக்கு வந்த சம்பவங்கள் கூடியதைப் பெற்றோர் சும்மா பெரிதுபடுத்தவில்லை. கியூபெக் அரசுக் கடைகள் மிட்டாய், சொக்லேட் வகைகளை அடுக்கவே இல்லை. வீட்டில் பிள்ளை இருந்தால் பூட்டுள்ள பெட்டியைத் தவிர வேறு இடம் கிடையாது.

கடைகளுக்கு வருவோம். குலுக்கலில் தேர்ந்த 25 பேருக்கு 2019 ஏப்ரல் 1 அன்று கதவு திறக்க அனுமதி. அன்று ரொறன்ரோ முழுவதிலும் திறந்தது குயின் வீதி மேற்கில் ஒரே கடை. பின்னர் எண்ணிக்கை வரம்பை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு, கடைக்கும் கடைக்கும் இடையே தூரம் வைக்கும் விதி இல்லை. விளைவு, அதே குயின் வீதியில் கடைக்குக் கடை. கஞ்சாவை எதிர்க்காதவர்களே அப்போது முணுமுணுக்கத் தொடங்கினார்கள்: பேக்கரி போய்விட்டது, பழக்கடை போய்விட்டது.

கடை உள்ள நகருக்கும் இல்லாத நகருக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் செறிந்த பகுதியில் ஒரு தெருவைக் கடந்தே பார்க்கலாம். கடை வேண்டாம் என்று விலக நகராட்சிகளுக்கு 2019 ஜனவரி 22 வரை அவகாசம் கொடுத்தது மாகாணம். ரொறன்ரோ ஏற்றது, மார்க்கம் மறுத்தது. ஸ்டீல்ஸ் அவனியுவின் தெற்கே ஸ்காபரோ, வடக்கே மார்க்கம். மறுத்த நகரத்திலும் வாங்குபவர் குறையவில்லை. தெருவைக் கடந்து போனார், அல்லது தபாலில் வாங்கினார். மிசிசாகாவும் முதலில் மறுத்து 2023-இல் மனம் மாறியது.

கொண்டோ எனும் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் கட்டட விதிகளைப் படிக்காமல் எதையும் தொடங்காதீர்கள். வீட்டுக்கு 4 செடி வளர்க்கச் சட்டம் இடம் கொடுத்தாலும், பல கட்டடங்கள் புகைக்கவும் வளர்க்கவும் தடை போட்டுவிட்டன. அயலவரின் முதல் கோபம் எப்போதும் மணம்தான்.

கடைக்காரரிடம் மருத்துவ ஆலோசனை கேட்காதீர்கள். சொல்ல அவருக்கு உரிமை இல்லை. ஒரே முறையில் 30 கிராமுக்கு மேல் விற்கவும் முடியாது. காரில் கொண்டுபோகும்போது திறக்காத பொதியாகவோ கைக்கெட்டாத இடத்திலோ இருக்க வேண்டும். வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் மில்லிலீட்டருக்கு 2 நனோகிராம் டி.எச்.சி இருந்தாலே குற்றம். 21 வயது வரையானவருக்கும் புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கும் ஒன்ராறியோவில் துளியும் கூடாது. இன்னும் குடியுரிமை பெறாதவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்: 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வாகனம் ஓட்டுவதற்கு உச்சத் தண்டனை 10 ஆண்டு. அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றமாகிறது. நிரந்தர வதிவிட உரிமையே போகலாம்.

உள்நாட்டு விமானத்தில் 30 கிராம் வரை கொண்டுபோகலாம். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் சென்னைக்கோ கொழும்புக்கோ ஏறுபவர் பயணப் பையின் பக்கப் பைகளையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். எல்லை தாண்டினால் டொக்டர் எழுதிக் கொடுத்த கடிதமும் காப்பாற்றாது.