அப்பா படத்தை கேன்வாஸில் போடச் சொன்னேன், வேறு ஆளைப் போட்டு அனுப்பினார்கள். ரூ.6,840 போச்சு

நேற்று மத்தியானம்தான் பார்சல் வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை, கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டோவை கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து வீட்டுக்கே அனுப்பும் ஆன்லைன் தளம் ஒன்று. ஃபோனைத் திறந்தாலே விளம்பரம் வந்து நிற்குமே, அந்த ரகம். பெயர் வேண்டாம்.

எங்கள் அப்பா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1967-இல் உற்பத்தி தொடங்கிய புதிதிலேயே சேர்ந்தார். ஃபிலிமில் மருந்து பூசும் பிரிவு. துளி வெளிச்சம் படக்கூடாது, ஷிஃப்ட் முழுக்க இருட்டுதான். ஊரெல்லாம் படம் பிடிக்க ஃபிலிம் செய்து கொடுத்த மனுஷருக்கு வயசுக் காலத்துப் படம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஃபேக்டரி கேட் முன்னால் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம், உள்ளங்கை அளவு. வியாழக்கிழமை வருஷத் திதி. அதற்குள் 3 அடிக்கு 2 அடியில் பெரிதாக மாட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, முழுப் பணமும் முதலிலேயே கட்ட வேண்டும் என்றதும் தயங்கினேன்தான். அப்போது வாட்ஸ்அப்பில் பேசிய பெண், "அப்பா சிரிப்பு ரொம்ப அழகு சார், எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு" என்று எழுதினார். கூடவே, ஒரு சோபாவுக்கு மேல் அப்பா படம் மாட்டியிருப்பது மாதிரி மாதிரிப்படம் ஒன்று. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். அடுத்த நிமிஷமே ஜிபேயில் ரூ.6,840 அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றார்.

அப்பாவின் இடது கன்னத்து மச்சத்தைக் காணோம். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அதை அடைத்து டிவி விளம்பரப் பல்வரிசை வைத்திருக்கிறார்கள். தோல் மெழுகு. மஃப்ளர் அப்படியே இருக்கிறது, அதற்கு மேலே முகம் மட்டும் யாருடையதோ. ஓரத்துணி சட்டத்தின் பக்கவாட்டில் மடங்கிப் போனதில் கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. துணியும் கேன்வாஸ் இல்லை; கட்சிக் கூட்டத்து ஃபிளெக்ஸ் மாதிரி பளபளக்கிறது.

உடனே மெசேஜ் போட்டேன். அப்பா ஞாபகம் வந்த அந்தப் பெண், "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா சார்?" என்று கேட்டார். அப்பா படத்தைப் பிரிக்க எவன் வீடியோ எடுப்பான்? அடுத்து, "கஸ்டமைஸ்டு ஐட்டம், ரிட்டர்ன் கிடையாது." அப்புறம், "டீம் செக் பண்றாங்க, 48 மணி நேரம் ஆகும்." ராத்திரி, அடுத்த ஆர்டருக்கு 15 சதவீதக் கூப்பன். அடுத்த ஆர்டராம்! கண்டபடி எழுதிவிட்டேன். காலையில் பார்த்தால் அவர்கள் டிபியையே காணோம், கூப்பிட்டாலும் போகவில்லை. ரூ.6,840 கட்டியவனுக்கு மரியாதை இவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆனது என்று இன்றைக்கு கமர்ஷியல் ரோட்டில் ஒரு ஸ்டூடியோக்காரர்தான் விளக்கினார். நான் ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியிருக்கிறேன். அது சுருங்கிப் போய் நீளவாக்கில் 1600 பிக்சல் அளவில்தான் போயிருக்கும். 3 அடிக்குச் சுமாராக வரவே 5400 வேண்டுமாம். இல்லாததை ஏஐ சாஃப்ட்வேரை வைத்து இட்டுக்கட்டி நிரப்பியிருக்கிறார்கள். படம் போதாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே ஸ்கேன் செய்து கொடுத்திருப்பேனே!

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பழைய படமென்றால் ஸ்கேன் செய்யுங்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். முகத்தில் கை வைக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். சோபா படத்தை நம்பாதீர்கள், அச்சுக்குப் போகும் ஃபைலையே கேளுங்கள். முழுப் பணம் முன்னால் கட்டாதீர்கள். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் நான் புகார் கொடுத்தபோது அதுதான் கைகொடுத்தது.

ஸ்டூடியோக்காரர் சின்னப் படத்தை ஸ்கேன் செய்து, சாதாரண போட்டோ பேப்பரில் 12க்கு 18 போட்டுத் தருகிறார், புதன்கிழமை சாயங்காலம் கிடைக்கும். அந்த ரூ.6,840 ஆள் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நிற்கிறார்.