காந்தி சிலை தாண்டியதும் 164

மூன்று வருடமாக, இதயத்துடிப்பை அளக்கும் பெல்ட்டை மார்பில் கட்டித்தான் ஓடினேன். அதன் எண்ணில் குறை சொல்ல முடியாது, இதயத்தின் மின்துடிப்பை நேராகவே பிடிக்கிறது. ஆனால் புதுச்சேரி புழுக்கத்துக்கு ஒத்துவரவில்லை. மார்பைச் சுற்றி வேர்க்குரு, தோல் சிவந்து, சோப்பு பட்டால் எரிச்சல். பெல்ட்டை அலசிக் காயப்போட மறந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சரி, பெல்ட் இல்லாததாகப் பார்ப்போம் என்று நேரு வீதியில் ஒரு கடைக்குப் போனேன். தம்பி ஒருவர் வாட்சைக் கையில் கட்டிவிட்டு, "பாருங்க சார், 78. கரெக்டா இருக்கும்" என்றார். கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன், 76. வாங்கிவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பவன் நாடியை எந்த வாட்சும் ஓரளவு சரியாகச் சொல்லிவிடும்.

மறுநாள் காலை பீச் ரோடு. வண்டித் தொந்தரவு இல்லாத நேரம். டூப்ளே சிலைப் பக்கமிருந்து கிளம்பி, காந்தி சிலை தாண்டியதும் வாட்ச் 164 என்றது. எனக்கு வயது 54. 220இல் வயதைக் கழிக்கும் தோராயக் கணக்கில் 166தான் என் உச்சம். அந்த வேகத்தில் ஓடுகிறவனுக்குப் பேச்சு வராது. நானோ கூட வந்தவரோடு வஞ்சிர மீன் விலை பேசிக்கொண்டிருந்தேன். சட்டென்று நின்று எண்ணினேன்: 15 விநாடியில் 33, அதாவது 132. மறுபடி ஓடி, காலடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 160க்கு மேல்! வாட்ச் இதயத்தை விட்டுவிட்டு என் காலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

காரணம் இதுதான். வாட்சின் அடியில் இருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் வெளிச்சம் பாய்ச்சுகிறது. ரத்தம் அதை உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் கூடிக் குறைவதை வைத்துத்தான் கணக்கு. வாட்ச் தொளதொளவென்று இருந்தால், அடி வைக்கும் ஆட்டமே துடிப்பு மாதிரி தெரியும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டினேன், பாதி சரியானது. தண்டால் எடுக்க மணிக்கட்டை மடக்கினால் பழைய கதைதான்.

கடைசியில் மேல்கையில் மாட்டும் பட்டை வாங்கினேன். அதே பச்சை விளக்குதான், ஆனால் சதைப்பிடிப்பான இடம், ஆட்டம் குறைவு. பழைய பெல்ட்டையும் சேர்த்துக் கட்டி மூன்று நாள் ஓடிப் பார்த்தேன். ஒரே சீராக ஓடும்போது ஒன்றிரண்டுதான் வித்தியாசம். திடீரென்று வேகம் பிடித்தால் பெல்ட் உடனே ஏறுகிறது, இது சில விநாடி கழித்து வந்து சேருகிறது. விட்டு விட்டு வேக ஓட்டம் ஓடுகிறவர்களுக்கு அது இடிக்கும், எனக்குப் பரவாயில்லை. திரை கிடையாது, புளூடூத்தில் போனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். துணிப்பட்டையை அலசுவதிலிருந்து இதிலும் தப்பிக்க முடியாது. ஆனால் வேர்க்குரு இல்லை.

இந்த முறை வாங்கும் முன் கடையிலேயே பட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கினேன். கல்லாவில் இருந்த அம்மா எழுந்து வந்து, "சார், உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினார். 118, பட்டையிலும் விரல் வைத்து எண்ணியதிலும்.