வட்டமா, கட்டமா, வெறுந்தாளா? பதற்றம் தணிய எதில் வண்ணம் தீட்டலாம்

மனம் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வெறுந்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வண்ணம் தீட்டி மனதை ஆற்றிக்கொள்ள நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். "மனசில் தோன்றுவதை வரையுங்கள், பாரம் குறையும்" என்று பலர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவலையில் இருப்பவருக்கு மனசில் தோன்றுவதே அந்தக் கவலைதானே? அதோடு என்ன வரைவது, எங்கே தொடங்குவது, நன்றாக வருமா என்ற கேள்விகளும் வந்து சேர்ந்துகொள்ளும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2005-இல் நான்சி கரி, டிம் காசர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 84 கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வாழ்க்கையில் மிகவும் பயந்த ஒரு தருணத்தைப் பற்றி எழுதச் சொல்லி, முதலில் அவர்களுக்குப் பதற்றத்தை வரவழைத்தார்கள். பிறகு மூன்று பிரிவாக்கி 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு மண்டலா, அதாவது நடுவிலிருந்து இதழ் இதழாக விரியும் வட்டக் கோலம், இன்னொன்றுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்ட கட்டங்கள், மூன்றாவது பிரிவுக்கு வெறுந்தாள். மண்டலாவும் கட்டமும் பதற்றத்தை ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறக்கின. வெறுந்தாள் அந்த அளவுக்கு உதவவில்லை.

மண்டலாவா, கட்டமா என்பதில்தான் இழுபறி. 2012-இல் வேறு இருவர் இதே சோதனையை 50 பேரிடம் திரும்பச் செய்தபோது மண்டலா மட்டும் முந்தியது, கட்டம் பின்தங்கிவிட்டது. இரண்டுமே சின்னச் சோதனைகள். இவற்றை வைத்து வட்டத்துக்கு ஏதோ தனிச் சக்தி இருப்பதாக முடிவு கட்ட நான் தயாரில்லை. ஆனாலும் எனக்கு மண்டலாதான் பிடிக்கும், அதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஒரு இதழுக்கு நீலம் என்று முடிவு செய்துவிட்டால், சுற்றியுள்ள மற்ற இதழ்களுக்கும் அதே நீலம்தான். போகப் போக முடிவெடுக்கும் வேலை குறைந்து, கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கட்டங்களில் ஒவ்வொரு சதுரத்திலும் "இதற்கு என்ன நிறம்?" என்று நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி நிற்பதையே ரசிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கட்டமே சரி.

எந்த வடிவமானாலும் அதன் நுணுக்கத்தின் அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கான கலரிங் புத்தகங்கள் பலவற்றில் கடுகளவு இடைவெளிகளாக நிரப்பி வைத்திருக்கிறார்கள். அட்டைப்படத்தில் அது அழகுதான். பென்சிலை எடுத்தால் பத்தாவது நிமிடத்தில் கண் வலிக்கும், முடிக்க முடியவில்லையே என்ற எரிச்சல் வேறு. இடைவெளிகள் மிகப் பெரிதாக இருந்தாலோ கை ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டிருக்க, மனம் பழைய சண்டைக்கே போய்விடும். பென்சில் முனை நான்கைந்து முறை போய்வரும் அளவுக்கு இடமிருக்கும் படங்களே எனக்கு ஒத்துவருகின்றன.

மண்டலா என்றால் உடனே சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங்கின் பெயரை இழுப்பார்கள். முதல் உலகப் போரின் முடிவில், 1918-19 வாக்கில், அவர் காலைதோறும் நோட்டில் சிறு வட்டச் சித்திரம் வரைந்து, அன்றைய தன் மனநிலையை அதில் பார்த்தார் என்பது உண்மை. ஆனால் அவர் அந்த வட்டங்களைத் தானே வரைந்தார், அச்சடித்த வட்டத்தை நிரப்பவில்லை. அந்த வகையில் யுங் வெறுந்தாள் கட்சிக்காரர்.

அந்தக் கட்சிக்கும் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவருடைய குழுவினரும் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு அது. 40 நிமிடம் வண்ணம் தீட்டுவதையும், 40 நிமிடம் விருப்பப்படி எதையாவது படைப்பதையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் மன அழுத்தம் குறைந்தது. உற்சாகமும், "என்னால் முடியும்" என்ற தன்னம்பிக்கையும் கூடியது என்னவோ விருப்பப்படி படைத்தபோதுதான். அந்த அமர்வில் பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளர் ஒருவர் கூடவே இருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. வீட்டில் தனியாக வெறுந்தாளோடு உட்காருவது அதற்கு ஈடாகாது. ஆகவே படபடப்பு என்றால் அச்சிட்ட வடிவம். படபடப்பு இல்லை, மனம் மந்தமாக, எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கிறது என்றால் வெறுந்தாள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, அன்றாட வேலையே ஓடாத நிலை என்றால், தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். கலரிங் புத்தகம் சிகிச்சைக்கு மாற்று அல்ல.

காகிதமா, செயலியா?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை: காகிதம். பெரும்பாலான வண்ணச் செயலிகளில் ஒரு இடத்தைத் தொட்டாலே அது முழுக்க நிறம் நிரம்பிவிடுகிறது. மனதை அமைதிப்படுத்துவது அந்த இடத்தை நாமே மெல்ல மெல்ல நிரப்பும் கையசைவு. அதையே செயலி பறித்துக்கொள்கிறது. எண் பார்த்து நிரப்பும் வகையில் அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று விளையாட்டின் வேகம் வந்துவிடும், நடுநடுவே விளம்பரம். போதாக்குறைக்கு, நம்மைப் பதற வைத்த செய்தி வந்ததும் பெரும்பாலும் இதே திரையில்தான்.

கை நடுக்கமோ மூட்டுவலியோ உள்ளவர்கள், பென்சிலை இறுக்கிப் பிடிக்க முடியாதவர்களின் நிலை வேறு. அவர்களுக்குச் செயலி பெரிய உதவி. டேப்லெட்டில் தொட்டு நிரப்பும் வசதியை விட்டுவிட்டு, டிஜிட்டல் பேனாவால் தேய்த்து நிரப்பும் தூரிகையைத் தேர்ந்தெடுத்தால், காகிதத்தின் பலனில் ஒரு பகுதியாவது கிடைக்கும்.

கலர் பென்சிலா, ஸ்கெட்ச் பென்னா என்றால் பென்சில். அழுத்தினால் அடர்த்தி, தளர்த்தினால் மென்மை. கை இறுகியிருக்கிறதா என்பதைக் காகிதமே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கெட்ச் பென் எப்படிப் பிடித்தாலும் ஒரே நிறம்தான் தரும், மெல்லிய தாளில் மறுபக்கமும் ஊறிவிடும். வாட்டர் கலருக்குக் காயும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை இருப்பவர்கள் அதை எடுக்கலாம்.

மூச்சைக் கவனிப்பதோடு ஒப்பிட்டால்

1979-இல் ஜான் கபாட்-ஸின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பின்னர் உலகெங்கும் பரவிய மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி 8 வாரப் பயிற்சி. மூச்சு, உடல் உணர்வுகள், தோன்றி மறையும் எண்ணங்கள் என எல்லாவற்றையும் கவனிக்கப் பழக்குவது. அதன் ஆழம் வண்ணம் தீட்டுவதற்கு இல்லை. ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்தாலே எண்ணங்கள் மொய்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு மூச்சைவிடப் பென்சில் முனையைப் பிடித்துக்கொள்வது எளிது. அது கண்ணுக்குத் தெரிகிறது, நகர்கிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 115 இளம்பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு வாரம் தினமும் ஒரு பிரிவை வண்ணம் தீட்டவும் மற்றதைப் புதிர் விடுவிக்கவும் வைத்தார்கள். வண்ணம் தீட்டியவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன. புதிர் விடுவித்தவர்களிடம் குறையவில்லை.

டிவி பார்த்துக்கொண்டே தீட்டினால் அது பொழுதுபோக்கு மட்டும்தான். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு 20 நிமிடம் உட்காருங்கள். முனை தாளில் உரசும் ஒலியையும் விரல்களின் அழுத்தத்தையும் கவனியுங்கள். மனம் வேறெங்காவது போனால், போனது தெரிந்ததும் பார்வையைத் திரும்ப முனைக்கே கொண்டுவாருங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் அழிக்க வேண்டாம். நேரம் முடிந்ததும் படம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள், மீதியை நாளைக்குத் தீட்டலாம்.