எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு: அரை மணி நேரம் போதாது

வன்னியிலிருந்து தமிழகத்துக்கு யாத்திரை போகும் குழுக்களுக்கு எட்டயபுரம், திருச்செந்தூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் வாகனம் சற்று நின்று புறப்படும் இடம், அவ்வளவுதான். எங்களை அழைத்துச் சென்ற வவுனியாப் பயண முகவரும் பாரதி பிறந்த வீட்டுக்கு அரை மணி நேரமே ஒதுக்கியிருந்தார். தங்குமிடம், சாப்பாடு, வாகனம் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

ஓட்டுக்கூரையும் தெருவைப் பார்த்த திண்ணையுமாக, அது ஆடம்பரம் இல்லாத வீடு. 1882 டிசம்பர் 11 அன்று சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகச் சுப்பையா இங்கேதான் பிறந்தான். அரசு நினைவில்லமாகப் பேணப்படும் இவ்வீட்டில், அவன் பிறந்த இடத்தில் பாரதியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. சுவர்களில் படங்கள் இருக்கின்றன. சிலையருகே ஒவ்வொரு குடும்பமாக நின்று படம் எடுத்து முடிக்கவே எங்கள் குழுவுக்கு நேரம் சரியாகிவிட்டது.

உண்மையில் ஆறுதலாக இருந்து பார்க்க வேண்டியது அந்தத் திண்ணையும் அதன் முன்னால் ஓடும் தெருவுமே. தன் வாழ்க்கையைப் பாடிய 'கனவு' என்னும் கவிதையில், தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தெருவிளையாட்டு எதிலும் சேராமல், புத்தகங்களோடு தனித்திருந்து வருந்தியதைப் பாரதி சொல்கிறார். 'ஓடி விளையாடு பாப்பா' என்று நம் பிள்ளைகளுக்கெல்லாம் பாடித் தந்தவர் ஓடி விளையாட விடப்படாத பிள்ளையாக இருந்தார் என்பதை, அந்தத் தெருவைப் பார்த்தபடி நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஐந்து வயதில் தாயை இழந்தவர் அவர். தந்தை தொடங்கிய பருத்தி ஆலை நொடித்துப்போய்க் குடும்பம் வறுமைப்பட்டதையும் அதே கவிதையில் பாடியிருக்கிறார். ஊரைச் சுற்றிப் பருத்தி விளையும் கரிசல் நிலம்; முருங்கன் பக்கத்துக் களிமண்ணில் நடந்து பழகியவர்களுக்கு அந்தக் கறுப்பு புதிதல்ல. அந்த மண்ணைப் பார்த்த பிறகுதான் சின்னசாமி ஐயர் பருத்தியை நம்பியதன் காரணம் எனக்கு விளங்கியது.

முண்டாசும் மீசையுமாக நம் பாடசாலைச் சுவர்களில் நிற்கும் பாரதியை எங்களுக்கு நன்றாகத் தெரியும். பதினொரு வயதளவில் எட்டயபுர அவையில் 'பாரதி' என்ற பட்டம் பெற்ற சிறுவனை, 1898இல் தந்தையும் இறந்தபின் காசிக்குப் போன இளைஞனை, நாங்கள் அவ்வளவாக அறியோம். அந்தச் சுப்பையாவைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த வீடு நிறையவே தரும். ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்கள் 'கனவு' கவிதையை முதலே வாசித்துக்கொண்டு போவது நல்லது.

அவ்வூரிலேயே, கல்கியின் முயற்சியால் மக்களிடம் திரட்டிய பணத்தில் எழுந்து, 1947இல் இராஜாஜியால் திறந்து வைக்கப்பட்ட மணிமண்டபமும் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும் இருப்பதும் அதே எட்டயபுரத்தில்தான் என்பது எங்கள் குழுவில் பலருக்குத் திரும்பி வரும் வழியில்தான் தெரியவந்தது. இசை படிப்பவர்களுக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும்கூட இது சேர்ந்து பார்க்கத் தகுந்த ஊர்.

தனியாகப் போகிறவர்கள் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலில் கோவில்பட்டிக்குப் போகலாம்; கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் பேருந்தில் எட்டும் தூரம்தான். யாத்திரை ஒழுங்கு செய்கிறவர்கள், திருச்செந்தூரில் காலைத் தரிசனம் முடிந்த கையோடு புறப்பட்டு, மாலை வரைக்கும் எட்டயபுரத்தில் நின்று, இரவுக்கு மதுரை போய்ச் சேரும்படி நிகழ்ச்சிநிரலை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.