புல் தைலம் தங்கம், மூடிதான் தலைவலி

கோயம்புத்தூரில் இருக்கும் பங்காளி வீட்டுத் தம்பி நேற்றுக் காலை போன் செய்தான். "அண்ணே, நீங்க மறையூர்லேர்ந்து வரவழைக்கிற எலுமிச்சைப் புல் தைலம் இப்ப விலை இறங்கியிருக்காம். அரை லிட்டர் வாங்கிப் போடலாமா?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. என் இன்னொரு கையில் வெந்நீர்த் துணி சுற்றிய கண்ணாடிக் குப்பி இருந்தது. கால் மணி நேரமாக அதன் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "வேண்டாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. இரண்டரை வருடமாக வீடு முழுக்கப் புழங்கும் பொருளைப் பற்றி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னது நியாயமில்லை.

கடையில் பச்சைக் கலரில் 'லெமன்கிராஸ்' என்று எழுதி விற்கிறார்களே, தரை துடைக்கிற தண்ணீர், அதைச் சொல்லவில்லை. அதில் பாதி சிட்ரோனெல்லா வாசம்தான் வருகிறது. அது இந்தப் புல்லின் பங்காளியே தவிர இதே புல் அல்ல. நான் சொல்வது விறகு அடுப்பில், பழைய முறையில் வாலை என்கிற வடிகலம் வைத்து வடித்த எலுமிச்சைப் புல் தைலம். மூணாறு போன வழியில் மறையூரில் அந்தக் கொட்டகையைப் பார்த்தேன். பெரிய இரும்பு அண்டா, அடியில் தண்ணீர், நடுவில் ஓட்டைத் தட்டு, அதன் மேல் புல்லைப் போட்டு ஆள் ஏறி மிதித்து அடைக்கிறார்கள். ஆவி ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி மறுமுனையில் சொட்டுகிறது. தண்ணீர் கீழே, தைலம் மேலே. வெந்து போன புல்லைக் காயவைத்து அதையே அடுத்த அடுப்புக்கு எரிக்கிறார்கள். நூறு கிலோ பச்சைப் புல்லுக்கு அரை கிலோ தைலம் கிடைத்தால் பெரிய விஷயம். இதைப் பார்த்தபிறகு நூறு மில்லி 350 ரூபாய் என்றதும் நான் பேரம் பேசவில்லை. செட்டிநாட்டான் பேரம் பேசாமல் வாங்கினான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், பரவாயில்லை.

இரும்பு அண்டா என்பதால் தைலம் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். முதலில் மூக்கில் ஏறுவது எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய வாசம். பின்னாலேயே லேசாகப் புகை வாடை. அந்தப் புகை வாடைதான் எனக்குப் பிடித்தது. பெரிய பாய்லரில் ஆவி விட்டு எடுத்த தைலமும் வாங்கிப் பார்த்தேன். சுத்தமாக, வெளிர் மஞ்சளாக இருந்தது. சோப்புக் கடைக்குள் நுழைந்தது போல இருந்ததால் அதை மகளிடம் தள்ளிவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால்தான் மற்ற அறைகள் திறக்கும். பூட்டிய அறையைத் திறந்தால் வௌவால் புழுக்கை, ஈரச் சுண்ணாம்பு, பழைய துணி எல்லாம் சேர்ந்து ஒரு வாடை வரும். வருஷக்கணக்காகப் பூச்சி உருண்டை போட்டு, அந்த வாடையோடு இன்னொரு வாடையையும் சேர்த்ததுதான் மிச்சம். இப்போது பழைய பனையோலைக் கொட்டான் ஒன்றில் பஞ்சு வைத்து, பத்துச் சொட்டு விட்டு, அறைக்கு ஒன்றாக வைக்கிறேன். பூட்டி இரண்டு வாரம் கழித்துத் திறந்தாலும் வாசம் லேசாக இருக்கிறது. வௌவால் இதற்கெல்லாம் ஓடாது, அதற்கு வலைதான். ஆனால் ஐயா காலத்துக் கணக்குப் புத்தகங்கள் இருக்கும் பெட்டகத்தில் ராமபாணப் பூச்சி குறைந்திருக்கிறது என்று என் கண்ணுக்குப் படுகிறது. தைலம் காகிதத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மஞ்சள் கறை போகாது.

தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லுக்கு இதைப் பயன்படுத்தலாமா என்பதில்தான் வீட்டில் பெரிய வழக்கு நடந்தது. சிமெண்டுக் கல்லில் புளிப்பு பட்டால் பூ வெளிறிவிடும், ஆசிட் ஊற்றிக் கெடுத்த வீடுகள் ஊரில் இருக்கின்றன. எலுமிச்சை என்ற பேரைக் கேட்டதும் வீடு கூட்ட வரும் அம்மா வாளியைத் தொடவே மறுத்துவிட்டார். பேரில்தான் எலுமிச்சை, சாற்றின் புளிப்பு இதில் கிடையாது. வாசம் தருவது சிட்ரால் என்ற பொருள், எலுமிச்சைத் தோலில் கொஞ்சமாக இருப்பது இந்தப் புல்லின் தைலத்தில் முக்கால்வாசிக்கு இருக்கிறது. இதை விளக்கி ஒரு மூலையில் செய்து காட்டியபிறகுதான் ஒப்புக்கொண்டார். வாளித் தண்ணீரில் நேராக விட்டால் மிதந்துகொண்டே இருந்து ஒரே இடத்தில் ஒட்டி வழுக்கும். கல்லுக்கு எப்போதும் தடவும் தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டுக் கலந்து துணியால் துடைப்பதுதான் சரி. முற்றத்தைச் சுற்றிய வளவு முழுக்க அப்படித் துடைத்த நாளில் மாலை வெயில் சாய்ந்து வரும்போது நடுவில் பாய் போட்டுப் படுத்துப் பாருங்கள். நான் வேறு எதுவும் சொல்லப் போவதில்லை.

கொசுவுக்கு? ஊருணிக் கரையில் வீடு இருப்பவன் உண்மையைச் சொல்கிறேன், முக்கால் மணி நேரம். அதற்குமேல் கொசுவுக்கும் இந்த வாசம் பழகிவிடுகிறது போல. மூட்டு வலிக்கு நல்லெண்ணெயில் கலந்து தேய்ப்பேன், இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். கலக்காமல் தோலில் போடாதீர்கள். என் மனைவி மணிக்கட்டில் சென்ட் மாதிரி இரண்டு சொட்டுத் தடவி, மூன்று நாள் தடித்துச் சிவந்து, எனக்குத்தான் திட்டு விழுந்தது.

சரி, மூடிக்கு வருகிறேன்.

வரும் குப்பியில் ரப்பர் டிராப்பர் மூடி. அந்தத் தைலத்துக்கு ரப்பர் ஆகாது, ஆவி பட்டாலே ஊதும். முதல் குப்பியில் ஒரே மாதத்தில் ரப்பர் பாகுவெல்லம் மாதிரி இளகி விரலில் ஒட்டியது. அனுப்பியவரிடம் சொன்னேன். "மாத்திடறோம் சார்" என்றார். இரண்டாவது குப்பியும் அதே ரப்பர். மூன்றாவதும். இதுவரை ஏழு குப்பி, ஏழு ரப்பர், ஏழு தடவை "மாத்திடறோம் சார்". மழையில் புல் அறுத்து, அடுப்படியில் வெந்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்த ஒன்றை இரண்டு ரூபாய் ரப்பரைப் போட்டுக் கெடுக்க எப்படி மனசு வருகிறது?

பழைய ஷாம்பு பாட்டில் மூடியைப் போட்டுப் பார்த்தேன், இளகிச் சுருங்கியது. தெர்மாகோல் பெட்டிக்குள் நிறுத்தி வைத்தேன், கசிந்து அடியில் வட்டமாகக் குழி விழுந்தது. அந்தக் குழியின் வழியாக இறங்கியது அப்பத்தாவின் பர்மாத் தேக்கு மேசைக்கு. பாலிஷ் உரிந்து ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுத்த வட்டம் இன்றும் இருக்கிறது. பூச்சாடி வைத்து மறைத்திருக்கிறோம்.

கடைசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, கண்ணாடியிலேயே தேய்த்து இழைத்த மூடி போட்ட பழங்காலக் குப்பி ஒன்றைப் பிடித்தேன். 600 ரூபாய், உள்ளே போகும் தைலத்தைவிட விலை அதிகம். ஆறு மாதம் அருமையாக இருந்தது. அப்புறம் கழுத்தில் படிந்த தைலம் காற்றுப் பட்டுப் பிசினாகி மூடியைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு மூடியிருந்தால் பிடித்திருக்காது, அது என் தப்புதான். நேற்றுத் தம்பி போன் வந்தபோது நடந்துகொண்டிருந்தது அந்தப் போராட்டம்தான். சாயங்காலம்தான் திறந்தது, அதுவும் என் மனைவி கையில்.

தைலத்துக்குப் பத்துக்குப் பத்து மார்க். வாங்கலாமா என்றால் இன்றைக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். மூடி மாறட்டும், பார்க்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அரை லிட்டரோ அதற்கு மேலோ வாங்கினால் அலுமினியக் கேனில், திருகு மூடி போட்டு அனுப்புகிறார்களாம். நூறு மில்லி வாங்குகிற எனக்குத்தான் ரப்பர். தம்பி, நீ பேச்சைக் கேட்காமல் வாங்கிவிடுவாய் என்று தெரியும். காலியானதும் அந்தக் கேனைத் தூக்கிப் போடாதே, படைப்புக்கு வரும்போது கொண்டு வா.