அண்டி ஆபீஸுக்கு வந்த பயிற்சியாளர்கள்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், நான் உற்பத்தி மேலாளர். எங்கள் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க நாகர்கோவிலிலிருந்து ஒரு நிறுவனத்தை முதலாளியின் மகன் ஏற்பாடு செய்தார். குறையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். அவர்கள் விற்பது இரண்டு சரக்கு: மண்டபத்தில் ஒரு நாள் வகுப்பு, வேலை நடக்கும் இடத்திலேயே பயிற்சி. இரண்டையும் வாங்கினோம். முதலாவதற்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம், அதுவும் மதியச் சாப்பாட்டுக்காக. இரண்டாவதற்கு நான்கு.

வகுப்பு மார்த்தாண்டத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஏசி, புரொஜெக்டர், குழு உணர்வு பற்றிய படங்கள், பலூனைக் கீழே விழாமல் தட்டும் விளையாட்டு. பயிற்சியாளர் நன்றாகவே பேசினார், சிரிக்கவும் வைத்தார். ஆனால் எங்களிடம் தோல் உரிப்பவர்களுக்குக் கிலோக் கணக்கில்தான் கூலி. பலூன் தட்டிய நாளில் யாரும் ஒரு பருப்புகூட உரிக்கவில்லை. "இன்றைக்குக் கூலி உண்டா சார்?" என்று ஓர் அக்கா எழுந்து கேட்டார். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முந்தைய வாரச் சராசரியைக் கணக்கிட்டு முதலாளியின் மகன் கொடுத்துவிட்டார்; எல்லா முதலாளிகளும் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

மாலையில் கருத்துப் படிவம் வந்தது. எல்லோரும் "மிக நன்று" என்று எழுதினார்கள். அதையே நிறுவனம் வெற்றிச் சான்றாக அறிக்கையில் ஒட்டிவிட்டது. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகளைச் சொன்னார்: கலந்துகொண்டவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் உண்டா. படிவத்துக்குத் தெரிவது முதல் நிலை மட்டும். பிரியாணி போட்ட இடத்தில் யார் குறை எழுதுவார்கள்?

இரண்டாவது பயிற்சிக்கு வேறோர் ஆள் வந்தார். வந்தவர் முதலில் வாயே திறக்கவில்லை. பல வருடங்களாக உரிக்கும் அக்கா ஒருவரின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொஞ்சம் மெதுவாகச் செய்யுங்கள் அக்கா" என்றார். அக்காவே கவனித்திராத ஒன்றை அவர் பிடித்துவிட்டார். பருப்பின் முதுகில், இரண்டு பாதியும் சேரும் கோட்டில், அக்காவின் கத்திமுனை படுவதே இல்லை. கத்தியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத் தோலைக் கிளப்பி, மிச்சத்தைப் பெருவிரலால் தள்ளிவிடுகிறார். புதியவர்கள் நேரே அந்தக் கோட்டில்தான் முனையை வைப்பார்கள். பருப்பு இரண்டாகும், முழுப்பருப்புக்கான விலை கிடைக்காது. "கவனமாக உரி" என்றுதான் எல்லா மேஸ்திரிகளும் சொல்வார்கள். அந்தக் கவனம் எந்த விரலில் இருக்கிறது என்று இவர்தான் காட்டினார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் புதியவர்களை வேகமாகப் பழக்கிய நான்கு படிகள்தாம் இவருடைய முறையும்: கற்பவரைத் தயார் செய்வது, செய்து காட்டுவது, அவரையே செய்யவைப்பது, பிறகு விட்டுவிடாமல் அவ்வப்போது வந்து பார்ப்பது. செய்யும்போதே ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கற்பவர் வாயால் சொல்ல வேண்டும். கடைசியில் அந்த அக்காவையே பயிற்சி கொடுப்பவராக்கி, அதற்குத் தனியாகப் படிப்பணமும் வாங்கிக் கொடுத்தார். ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் பெண்களுக்கும் அக்கா கையாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

தரம் பிரிப்பவர்களுக்குச் செய்தது இன்னும் எளிது. 320 ரகம் என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 300 முதல் 320 முழுப்பருப்பு இருக்க வேண்டும். 240 என்றால் 220 முதல் 240. பிரித்த தட்டிலிருந்து 454 கிராம் நிறுத்து, பிரித்தவரையே எண்ணச் சொன்னார். கண் எங்கே ஏமாந்தது என்று அவருக்கே தெரிந்தது. யாரும் திட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரு நட்சத்திரம் குறைந்ததற்குக் காரணம் போர்மா, அதாவது உரிப்பதற்கு முன் பருப்பைக் காயவைக்கும் சூட்டறை. பருப்பு அதிகம் காய்ந்தால் நொறுங்கும், குறைவாகக் காய்ந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலை தெரிந்த ஆள் இவர்களிடம் இல்லை. இருந்தும் கட்டணத்தில் சேர்த்திருந்தார்கள். பருப்பை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரத்துக்கு, அதை விற்றவர்களின் இன்ஜினீயரே போதும். உணவுப் பாதுகாப்புக்கு, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்டாக் (FoSTaC) பயிற்சி தனியாக உண்டு. உணவைக் கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் என்பது கணக்கு. அங்கே வகுப்பும் தேர்வும் பொருத்தமானவை, ஏனென்றால் விதிகளைத் தெரிந்துகொள்வதுதான் வேலை. உரிக்கும் மேசைக்கு அதே வகுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் காசுதான் வீண்.

இவர்களை அழைப்பதாக இருந்தால் மண்டப வகுப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து விற்கத்தான் பார்ப்பார்கள். திரும்ப வந்து பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். அதை அடிப்படைக் கட்டணத்திலேயே சேர்க்கச் சொல்லி நாங்கள் பேரம் பேசினோம், சேர்த்தார்கள். பயிற்சி நேரத்துக் கூலியை யார் கொடுப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். ஓணம், தீபாவளி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் மட்டும் தேதி கொடுக்காதீர்கள். அப்போது யாரையும் மெதுவாக உரிக்கச் சொல்ல முடியாது.