வயிற்றிலேயே ரத்தம் ஏற்றிய குழந்தை: பிரசவத்துக்கு அப்புறம் கவனிப்பு எப்படி?

ஊருக்கு வந்திருந்த நேரத்தில்தான் தங்கச்சிக்குப் பிரசவம். அவள் ஏ நெகட்டிவ், இது இரண்டாவது குழந்தை. பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக அவள் உடம்பில் உண்டான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) சிசுவின் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருந்ததை, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை வைத்து டாப்ளர் ஸ்கேனிலேயே பிடித்துவிட்டார்கள். ஸ்கேனைப் பார்த்தபடியே தொப்புள்கொடிக்குள் ஊசி விட்டு ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றினார்கள். 1963ல் நியூசிலாந்தில் லைலி என்ற மருத்துவர் இதை முதலில் செய்தபோது ஸ்கேன் ஏது, எக்ஸ்ரேயை நம்பி சிசுவின் வயிற்றுக்குள் ரத்தத்தை விட்டார். இந்த மட்டும் குறையே சொல்ல முடியாது.

கோளாறு பிறந்த பிறகுதான். நீல விளக்கில் வைத்தார்கள், மஞ்சள் காமாலை இறங்கியது, "எல்லாம் நார்மல், கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ஹீமோகுளோபின் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. குழந்தை சிவப்பாகத் தெரிவது தானம் கொடுத்தவரின் ரத்தத்தால். அது இருக்கும்வரை, சொந்த ரத்தத்தை உண்டாக்க வேண்டிய எலும்பு மஜ்ஜை சோம்பிக் கிடக்கும், அம்மாவின் ஆன்டிபாடியும் சில மாதங்கள் உள்ளேயே சுற்றும், அதனால் ஹீமோகுளோபின் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகலாம். சுமார் 3 மாதம்வரை இந்த ஆபத்து உண்டு. பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்குவது, வெளிறிப்போவது, மூச்சு வாங்குவது தெரிந்தால் உடனே ஓட வேண்டும். இதை எங்களுக்குச் சொன்னது வேறொரு குழந்தை மருத்துவர்.

இதில் ரத்த வகை கூத்து வேறு. அப்பா ஏபி பாசிட்டிவ், ரிப்போர்ட்டில் குழந்தை ஓ நெகட்டிவ்! மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. லேப் தப்பில்லை, ஏற்றிய ரத்தத்தின் வகைதான் அது. சில மாதம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். தலசீமியா (பரம்பரை ரத்தக் கோளாறு) மாதிரியான பரிசோதனைகளுக்கும் இதே கதைதான்.

இடையில் ஒரு கிளினிக்கில் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஏற்றிய ரத்தத்திலும் உடைந்த அணுக்களிலும் இரும்பு ஏற்கெனவே நிறைய சேர்ந்திருக்கும், ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் சோதனை) பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்று அந்தக் குழந்தை மருத்துவர் அதை நிறுத்தி ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தார்.

"மூளை பாதிக்குமா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நெதர்லாந்தில் இப்படிப் பிறந்த 291 பிள்ளைகளைப் பார்த்து 2012ல் வந்த லோட்டஸ் ஆய்வில் 4.8 சதவீதம் பேருக்குத்தான் வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. வயிற்றிலேயே உடம்பெல்லாம் நீர்கோத்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். எங்கள் குழந்தைக்கு அது இல்லை.

இப்போது ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவாகும் இளம் சிவப்பணுக்கள்) ஏறத் தொடங்கியிருக்கிறது, அதாவது சொந்த ரத்தம் ஊறுகிறது. ஹீமோகுளோபினும் தானாக ஏறும்வரை வாராவாரம் குதிகாலில் குத்தத்தான் வேண்டுமாம். காது பரிசோதனைக்கும் தேதி வாங்கியாச்சு.